பத்தில் நிற்காத கிதார்

திங்கள்

இங்கே வளைகுடாவில், தேரா பகுதியில் ஒரு கார்கோ ஆபீஸின் மேல்மாடியில் தன்யா மாலை நேரத்தில் ஃபிளமெங்கோ நடனம் சொல்லித்தருகிறாள். அவளுக்கும் என் வயதுதான். நாங்கள் ஆறு பேர் கற்கிறோம். கிதார் வாசிப்பவர் பாஸ்கர். ஸ்பெயினில், செவில்லா நகரத்தில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்தவர். "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்தால் செவில்லாவைச் சொல்கிறார் என்று அர்த்தம், பிறந்தது சேலம். தந்தி மீட்டுவதற்காக வலது கை நகங்களை சூப்பர் க்ளூ தடவி வளர்த்திருக்கிறார். அந்த நகங்களைக் காட்டியே ரூமில் பாத்திரம் கழுவுவதிலிருந்து விலக்கு வாங்கிவிட்டாராம். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

பதினான்கு வருடக் கலை வாழ்க்கையை வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்: சேலத்தில் கல்யாணக் கச்சேரிகள், அபுதாபியில் பரதநாட்டிய அரங்கேற்றங்கள், பிறகு அந்தப் பதினோரு நாள். இப்போது அவருடைய கம்பெனி விசாவை ரத்து செய்துவிட்டது. வியாழக்கிழமை ஒரு ஹோட்டலில் தன்யாவின் ஆட்டத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் புது விசா. இல்லையென்றால் மாதக் கடைசியில் ஊருக்கு விமானம். நிஜமான ஊருக்கு.

செவ்வாய்

மூன்று வாரமாக எண்ணி நோட்டில் குறித்திருக்கிறேன். என் எண்ணிக்கை தவறாகவும் இருக்கலாம். இந்த ஆட்டத்தின் தாளத்துக்குப் பன்னிரண்டு அடி. தன்யா பத்தாம் அடியில் காலைத் தட்டி நின்றுவிடுகிறாள். அங்கேதான் முடிய வேண்டும். பாஸ்கரோ கண்ணை மூடிக்கொண்டு பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் தாண்டி, அடுத்த ஒன்றில் வந்து இறங்குகிறார். "என் காலைப் பாருங்க பாஸ்கர்" என்று சொல்லிச் சொல்லித் தன்யாவுக்கே அலுத்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "சார், அவங்க பத்துலயே நின்னுடறாங்க. நீங்க..."

"எத்தனை மாசமா வர்றே நீ?"

"நாலு."

"நாலு மாசம்! பத்துல அந்தரத்துல விட்டுட்டா அதுக்குப் பேரு தாளமாம்மா? ஒண்ணுல வந்து உக்காரணும். அரங்கேற்றத்துல நான் முடிச்சா முன்வரிசை மாமிங்க தொடையத் தட்டிக்கிட்டே கூட வந்து உக்காருவாங்க."

ஆடுபவளுக்கு வாசிக்க வந்தவர் மாமிகளுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார். "சரி சார்" என்றேன்.

வியாழன்

ஹோட்டல் மேனேஜர் கௌஸ் முகம்மது சென்னைக்காரர். கைதட்டித் தாளம் போடுவதற்காக நானும் மேடையோரம் உட்கார்ந்திருந்தேன். தன்யா பத்தில் நின்றாள். கை மேலே, உடம்பு கல். கிதார் மட்டும் தனியாகப் போய் ஒன்றில் இறங்கியது. பாஸ்கர் தலை தாழ்த்தி வணங்கினார்.

"அம்மா எறங்கிட்டாங்க, பஸ் இன்னும் போவுதே!" என்றார் மேனேஜர். "இன்னொரு தபா பாக்கலாமா பாஸ்கர் பாய்?"

இரண்டாம் முறை, பத்தாம் அடியில் உள்ளங்கை எரிய ஒரே தட்டாகத் தட்டி நிறுத்தினேன். பாஸ்கர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே பதினொன்று வாசித்தார், பன்னிரண்டு வாசித்தார், ஒன்றில் இறங்கினார்.

"கலாஸ், முடிஞ்சுது" என்றார் கௌஸ் முகம்மது. தன்யா பக்கம் திரும்பி, "ரெக்கார்டு போட்டு ஆடுவீங்களாம்மா?" என்று கேட்டார். ஆடுவேன் என்றாள். யோசிக்கவே இல்லை.

லிஃப்டில் பாஸ்கர் தன் நகங்களைப் பார்த்தபடி சொன்னார்: "இவங்க யாருக்கும் முடிக்கத் தெரியல."

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, தன்யா நிற்கும் அடியை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். பத்துதான்.