புகை போகும் பக்கம்

அது அக்டோபரா நவம்பரா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று வந்திருந்தவர்களில் ஒருவர் வெயிலே இல்லை என்கிறார். எனக்கோ எதிர்வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகள் கண் கூசப் பளபளத்தது நினைவிருக்கிறது. யார் முதலில் சிரித்தார்கள் என்பதிலும் சந்தேகம் உண்டு. ஆனால் எங்கள் தெருவின் க்ளெனிஸ் சொன்னது மட்டும் எனக்கு மங்கவில்லை. அன்று கேட்ட எவரும் அதை வேறுவிதமாகச் சொன்னதில்லை.

எங்கள் தெரு தெற்கு வேல்ஸின் மலைச்சரிவில், சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டியது. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், இரண்டு குடும்பத்துக்கு ஒரு புகைக்கூண்டு. சுரங்கங்கள் மூடிப் பல காலம் கழித்து, பிரிஸ்டலிலிருந்து வந்து, என் வீட்டுக்கு எதிரே, கடைசிக்கு முந்தின வீட்டை வாங்கினார் ஜூலியன் ஆஷ்கிராஃப்ட். நல்ல மனிதர். வந்த முதல் வருடமே கூரையில் தகடுகள் மாட்டினார்; மழைநீர் பிடித்தார்; காரை விற்றுவிட்டு சைக்கிளில் மேடு ஏறினார். அவருடைய பெருமையெல்லாம் முன்னறையில் இருந்த இரும்பு விறகடுப்புதான். கட்டுமான இடங்களில் தூக்கி எறிந்த பலகைகள், பெயிண்ட் உரியாத பழைய கதவுகள், மலையில் சாய்ந்த மரத்தின் ஈரக் கட்டைகள், எல்லாம் அதற்குள் போகும். "வீணாப் போறதைத்தானே எரிக்கிறேன்" என்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம், தெருவின் கடைசி வீட்டில், மெர்வினும் அவர் மனைவி க்ளெனிஸும். மெர்வின் பள்ளிப் படிப்பை விட்டதும் சுரங்கத்தில் இறங்கியவர். தூசி அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. மூக்கில் சின்னக் குழாயோடு, ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் ஜூலியன் நிலக்கரி செய்த கொடுமையை நினைத்து மனம் வருந்துவார். வருந்திக்கொண்டே தன் அடுப்பில் இன்னொரு கட்டையை வைப்பார்.

அவர் கேட்காமலும் இல்லை. கொல்லைச் சுவர் மேல் தலையை நீட்டி, "மெர்வின், புகை ஒண்ணும் தொந்தரவு இல்லையே?" என்பார்.

"பரவாயில்லப்பா" என்பார் மெர்வின்.

எங்கள் பள்ளத்தாக்கில் அந்தச் சொல்லுக்குப் பல அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்கும் அதுதான்; செத்துக்கொண்டிருக்கிறேன், உனக்கெதற்குச் சிரமம் என்பதற்கும் அதுதான். எது எந்த வேளையில் என்று எங்களுக்குத் தெரியும். ஜூலியனுக்கு ஓர் அர்த்தம்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பசுமைக் குழு வருடம் ஒரு சனிக்கிழமை, சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி மாற்றிய சில வீடுகளைத் திறந்துவிடும். யாரும் போய்ப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அந்த வருடம் ஜூலியன் வீடு. தேநீரும் கேரட் கேக்கும் வைத்து, அடுப்பை மூட்டி, காலையிலிருந்து ஆட்களைச் சுற்றிக் காட்டினார். நானும் போயிருந்தேன்.

"மரம் எரிச்சா புகை வராதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மரம் வளர்றப்போ காத்துலேருந்து எடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்குது. கணக்கு நேராயிடும்" என்றார் ஜூலியன். பிறகு எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். காற்றே இல்லாத குளிர். பக்கத்து வீட்டுச் சுவர் ஓட்டையிலிருந்து ஒரு குழாய் தொங்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அதோ பாருங்க, துணி காய வைக்கிற டிரையர்! இப்படி ஒரு வெயில்ல! கொடியில போடுங்கன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். நாம இந்தப் பக்கம் மிச்சம் பிடிச்சா, அந்தப் பக்கம் ஊதித் தள்ளிடறாங்க."

சிலர் சிரித்தார்கள். தாழ்வான சுவருக்கு அப்பால் க்ளெனிஸ் குப்பைத் தொட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அவள் உள்ளே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தோம். ஒரு தலையணை உறையோடு திரும்பி வந்தாள்.

தெருவில் எல்லோரையும் அவள் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள், தபால்காரர் உட்பட. அன்று அந்தச் சொல் வரவில்லை.

"மோந்து பாருங்க, ஜூலியன்."

அவர் வாங்கி முகர்ந்தார். முகம் மாறியது.

"நீங்க சொன்னீங்களேன்னு நேத்து கொடியில போட்டேன். இதுல மூஞ்சிய வெச்சுத்தான் அவர் படுக்கணும். உங்க புகைக்குப் பயந்துதான் டிரையரே வாங்கினேன். ஜன்னலைத் திறந்தே எவ்வளவோ நாளாச்சு."

"ஆனா... நான் மெர்வின்கிட்ட கேட்டேனே. ஒவ்வொரு தடவையும் பரவாயில்லன்னாரே."

"அவர் அப்படித்தான் சொல்வார்! சுரங்கத்துல கூரை சரிஞ்சு இடுப்பொடிஞ்சு தூக்கிட்டு வந்தப்பவும் பரவாயில்லன்னார். நீங்க அவர் வாயைக் கேட்டீங்க. இருமலைக் கேக்கலையா? சுரங்கக்காரருக்கு நிலக்கரி சும்மாவே வரும், தெரியுமா? நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதும் வேண்டாம்னுட்டார். எங்க வீட்டுல கணப்பு அணைஞ்சுபோச்சு. இப்ப புகை உங்க வீட்டுலேருந்து வருது."

பின்கதவில் மெர்வின் நின்றிருந்தார், மூக்கில் குழாயோடு. "விடும்மா க்ளெனிஸ். விருந்தாளிங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே. பாத்துட்டுப் போகட்டும்."

ஜூலியன் உள்ளே ஓடி அடுப்பின் காற்று வழியை இறுக மூடினார். அதுதான் அவர் செய்த அடுத்த தவறு. தீ அமுங்கியது, புகைக்கூண்டிலிருந்து மஞ்சளாக ஒரு திரள் எழுந்து, மேலே போக மனமில்லாமல், சரிந்து மெர்வின் வீட்டு முற்றத்தில் இறங்கியது. க்ளெனிஸ் கணவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"காத்து வழியைத் திறந்து விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். திறந்துவிட்டார். மூட்டிய தீ, எரிந்து முடிந்தால்தான் அடங்கும். கட்டைகள் தீரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாங்களும் உள்ளே போய் நின்றோம். கேக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைக் கடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. ஜூலியன் அடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டு, கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அந்த உறை. அடுத்த வீட்டில் இருமல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஒவ்வொரு முறையும் அவர் தோள் குறுகியது. போகலாமென்று யாருக்கும் தோன்றவில்லை. போவது அவரை விட்டு ஓடுவதுபோல இருந்தது.

தணல் சாம்பலானதும் எழுந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான் கணக்குப் பாத்ததெல்லாம் என் வீட்டுக்குள்ள மட்டும்" என்றார். "நான் மிச்சம் பிடிச்சது அவர் மூச்சை. பூமியைக் காப்பாத்தறேன்னு சொல்லிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தரை மூச்சு விடவிடாம பண்ணியிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரரை வதைக்கற எதுக்கும் பசுமைன்னு பேர் வைக்கக் கூடாது. புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டுத்தான் நெருப்பைப் பத்த வைக்கணும்."

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் மெர்வின். மெர்வின் மூச்சை இழுத்துப் பிடித்து, "அந்த கேரட் கேக் மிச்சம் இருந்தா ஒரு துண்டு கொண்டாப்பா" என்றார். ஜூலியன் படியில் உட்கார்ந்து அழுததை இந்தத் தெருவே பார்த்தது.

அந்த அடுப்பு பழைய இரும்புக்குப் போனது. புகைக்கூண்டின் அவர் பக்கத்தை அடைத்துவிட்டார்கள். வெளிக்காற்றிலிருந்து சூடெடுக்கும் மின் இயந்திரம் ஒன்றை ஜூலியன், க்ளெனிஸைக் கேட்டு, சத்தம் அவர்கள் பக்கம் போகாத மூலையில் வைத்தார். மெர்வின் அதற்குப் பின் இரண்டு குளிர்காலம் இருந்தார். அவர் சாவுக்குக் காரணம் நிலக்கரித் தூசிதான் என்று மருத்துவர் சொன்னார். அது ஜூலியனுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. க்ளெனிஸ் இப்போது லானெல்லி நகரத்தில் மகளோடு இருக்கிறாள். ஜூலியன் அதே வீட்டில்தான் இருக்கிறார். பசுமைக் குழுவுக்கு இன்னும் போகிறார். ஆனால் வீட்டைத் திறந்து காட்டுவதில்லை.