பாதாம் கேக்கும் இரண்டு மணி நேரமும்

"அப்பாகிட்ட நீதான் பேசணும். நான் பேச மாட்டேன்."

"பேசறேன்."

"இப்படிச் சொல்லியே ரெண்டு துர்கா பூஜை தாண்டியாச்சு, அனந்த். மூணாவதுக்குள்ள பேசலேன்னா, நான் நல்ல பெங்காலிப் பையனாப் பாத்துக்கறேன்."

போன மாதம் ஏரிக்கரையில் மாதங்கி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இந்த வாரம் வங்கியிலிருந்து அனந்துக்கு நாக்பூர் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கிளம்பப் பத்தே நாள். வெறுங்கையோடு போய்ப் பெண் கேட்க அவனுக்குத் தைரியமில்லை. அதனால் கேக் செய்தான்.

மாதங்கியின் அப்பா வைத்தீஸ்வரனுக்குச் சர்க்கரை வியாதி. கேக் என்றால் உயிர். மைதா இல்லை, சீனி இல்லை. அந்த வீட்டில் முட்டையும் கூடாது. பாதாம் மாவு, கெட்டித் தயிர், வெண்ணெய், இனிப்புக்குச் சர்க்கரை ஏற்றாத எரித்ரிட்டால் தூள். முதல் கேக் செங்கல்லாக வந்தது. இரண்டாவது நடுவில் கிணறாக இறங்கியது. மூன்றாவதில் மாவு இறுகிப் பிடிக்க இரண்டு ஸ்பூன் இசப்கோல் உமி சேர்த்தான்; நிமிர்ந்து நின்றது.

வாட்ஸப்பில் படம் பார்த்த மாதங்கி, "பரவால்லியே, கேக் மாதிரியே இருக்கு!" என்று எழுதினாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு டப்பாவோடு லேக் மார்க்கெட்டைக் கடந்தபோது, இனிப்புக் கடையோரம் தெருவுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் ரசகுல்லா விழுங்கிக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற, ஈச்ச வெல்லத்தில் ஊறிய ரகம். கிடர்பூர் துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருஷம் கடத்தல் சரக்குப் பிடித்து ஓய்வுபெற்ற வைத்தீஸ்வரனேதான்! அனந்த் சத்தமில்லாமல் எதிர்ச்சாரிக்கு மாறினான்.

வீட்டில் அவர் மனைவி ஜகதாம்பாள் மாமி போட்ட சட்டம் ஒன்று உண்டு. அவர் புதுப் பண்டம் எது சாப்பிட்டாலும், இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். மீட்டர் ஒப்புக்கொண்டால்தான் அது மறுபடி வீட்டுக்குள் வரும்.

அனந்த் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பிய மாமா, கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார். "பிரமாதம்டா!"

பிறகு எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அனந்த் நான்கு தடவை வாயைத் திறந்து, நான்கு தடவையும் தண்ணீர் குடித்தான். மாமாவின் முதுகுக்குப் பின்னால் மாதங்கி கண்ணை உருட்டினாள்.

மீட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

"சர்க்கரையே இல்லேன்னியேடா!" மாமி எழுந்துவிட்டாள். "என்னத்தக் கலந்தே இதுல?"

"மாமி, நான் மூணு மணிக்கு லேக் மார்க்கெட் வழியா வந்தேனா..."

மாமாவுக்குப் புரையேறியது. வாயில் ஒன்றுமே இல்லை. அவர் கண்கள் அனந்திடம் கெஞ்சின.

"...வழியெல்லாம் அதான் யோசிச்சேன். டப்பா மாறிச் சீனியப் போட்டுட்டேனோ என்னவோ. தப்பு என்னோடதுதான், மாமி."

"நன்னாருக்கு! இனிமே கேக்கு கீக்குன்னு இந்தப் படியேறாதே!"

மாதங்கியின் முகம் வெளுத்தது.

"ஜகதா, பையன் பயந்துட்டான் பாரு. ஒரு வாய் காப்பி போடேன்," என்றார் மாமா. மாமி முணுமுணுத்தபடி உள்ளே போனதும் குனிந்தார். "எத்தனைன்னு பாத்தே?"

"மூணு, மாமா."

"நாலு." பெருமூச்சு விட்டார். "மானத்தக் காப்பாத்தினே. என்ன வேணும்னு கேளு. சீக்கிரம், அவ வந்துடுவா."

அனந்த் மாதங்கியைப் பார்த்தான். இந்தத் தடவை தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை.

"ரசகுல்லாவுக்காகக் கேக்கல, மாமா. அத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீங்க முடியாதுன்னாலும் சொல்ல மாட்டேன்." குரல் அவனை மீறிச் சமையலறைவரை போயிற்று. "மாதங்கிய எனக்குக் கல்யாணம் பண்ணிக் குடுப்பேளா?"