தவாளிப்பில்லாத பலகை

கற்றறிந்த அன்பரே, கதிரவன் எழுந்து பெல்லெகிரினோ மலையின் நெற்றியிலே செம்பொன் பூசி, பலேர்மோ நகரின் ஓட்டுக் கூரைகளையும் கோயிற் குவிமாடங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டியெழுப்பி, நகர்ப்புறத்துச் சியாகுல்லித் தோப்புகளிலே எல்லாரும் பழுத்து ஓய்ந்தபின் ஆறுதலாகப் பழுக்கும் மண்டரின் தோடம்பழங்களின் மேல் அமர்ந்து இளைப்பாறும் ஒரு பங்குனிக் காலையை உள்ளத்திலே வரைந்துகொள்வீராக. வரைந்தீரா? வரைந்த கையோடு மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஏனெனில் அன்று சிரோக்கோ என்னும் வெங்காற்று, தென்கடலுக்கு அப்பாலுள்ள பாலை முழுவதையும் ஒரு கோணிப்பையிலே கட்டித் தோளிலே சுமந்து வந்து, நகரின் நடுவிலே அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தது. மிகையென்று நகையாதீர், அந்தச் செம்புழுதியினூடே ஓர் ஒட்டகம் தும்மியதைக் கேட்டோரும் உளர்.

அத்தோப்புகளின் ஓரத்திலே, ஊர்விட்டுக் கடல்கடந்து வந்து, வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுத் திறவுகோல்களையே சுமந்த இருவர், தமக்கென்று ஒரு திறவுகோல் பெற்றிருந்தனர். விக்னராஜா என்பார் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு மாளிகைக்கு வாயில் காத்தவர். அவர்தம் மனைவி இராசேஸ்வரி அம்மையார், அதே மாளிகையின் மேல்தளத்துச் சீமாட்டியின் கூடத்தைத் துடைத்துத் துடைத்தே தலை நரைத்தவர். அவர்கள் வாங்கிய வீடோ, அதை வீடென்று அழைக்கும் தாராளம் உமக்கு இருக்குமாயின், இரண்டு அறையும் ஒரு பெருமூச்சுமாய் நின்றது. உள்ளே சாந்து உதிர்ந்து பூஞ்சணம் உலகப்படம் வரைந்திருந்தது. வெளியே உப்புக்காற்று அரித்துச் சுவர் பல்லிளித்தது. பூஞ்சணத்தைச் சுரண்டி, ஒழுக்கையெல்லாம் அடைத்து, உள்ளும் புறமும் வெண்பைன் பலகை அறைவதென்று இருவரும் ஒருமனப்பட்டனர். எந்தப் பலகை என்னும் இடத்திலேதான் போர் மூண்டது.

இவ்விடத்தில் உம் சினத்தைச் சற்றே கடன் கேட்கிறேன், அன்பரே. என்னுடையது மட்டும் போதாது. அச்சீமாட்டியின் கூடத்துச் சுவர்களை மூடியிருந்த பலகைகள் ஒவ்வொன்றிலும், விரல் நுழையாத, எறும்பு நுழையாத, புழுதி மட்டுமே நுழையத்தக்க தவாளிப்புகள், அதாவது நெடும்பள்ளக் கோடுகள், மேலிருந்து கீழாக ஓடின. பொதிகளைச் சுமந்து மாடியேறிய போதெல்லாம் விக்னராஜா வாயிற்படியில் நின்று அவற்றைக் கண் இமைக்கும் பொழுது கண்டு, கருவறையைக் கண்ட அடியார்போல் உருகி இறங்குவார். தமக்கொரு வீடு வாய்த்தால் அந்த வரிகள் அதன் சுவரிலும் ஓடவேண்டும் என்பதே அவர் வேண்டுதல். தவாளிப்பை முதன்முதலிற் செதுக்கியவன் எவனோ, அவன் தன் பிறவியில் ஒருநாளும் துடைப்பத்துணி தொட்டிருக்கமாட்டான் என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

மரக்கடைக்கு இருவரையும் ஏற்றிச் சிற்றூர்தி ஓட்டி வந்தவன் பேனாட். மன்னார் ஊரவன், ஆணி அறைவதில் வல்லவன், வாயை அடக்குவதில் வல்லவன் அல்லன். கடைக்காரர் தூரி, மரத்தூள் படிந்த புருவங்களை உயர்த்தி, "வாருங்கள், சிஞ்ஞோரா!" என்று முழங்கினார். இராசேஸ்வரி அம்மையார் எந்தச் சீமாட்டி வருகிறாள் என்று திரும்பிப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கினார்.

"அக்கா, உங்களைத்தான்," என்றான் பேனாட்.

வெண்பைன் பலகைகள் பாற்குடம் கவிழ்ந்தாற்போல் அடுக்கடுக்காய்க் கிடந்தன: கணுவே இல்லாத வெண்மை ஒருபால், கணுக்கள் இறைந்த மலிந்த வகை ஒருபால், தவாளிப்பு வரிகள் ஓடிய வகை ஒருபால். விக்னராஜா நேரே மூன்றாவதன் முன் சென்று, கன்றைத் தடவுவதுபோல் தடவினார்.

"இஞ்சேரும், இதுதான். அங்கை இருந்த அதே வரி. வீட்டுக்கு ஆர் வந்தாலும் வாயைப் பிளக்கவேணும்."

"பிளக்கிறவை பிளந்துபோட்டுப் போயிடுவினம். தவாளிப்புக்குள்ளை போற தூசை ஆர் எடுக்கிறது?"

"தூசுதானே? ஒரு துணியாலை இழுத்தாப் போச்சு."

அன்பரே, சிரோக்கோவும் அக்கணம் மூச்சடக்கிற்று. அம்மையாரின் முகம், உலைவாய்க் கரி ஊதஊதச் சிவப்பதுபோல் மெல்லச் சிவந்தது.

"ஒரு துணியாலையோ? துணி உள்ளுக்குப் போகாது! நெருப்புக்குச்சியிலை துணியைச் சுத்தி, ஒவ்வொரு வரியா, குத்திக் குத்தி எடுக்கவேணும். எடுத்து முடிய அவ வந்து வெள்ளை உறை போட்ட விரலாலை தடவிப் பாப்பா. நீங்கள் வாசலிலை நிண்டு சுவரைப் பாத்தியள். சுவருக்குக் கீழை முழங்காலிலை நிண்டது ஆர்? இனி என்ரை வீட்டிலையும் நான் சுவருக்கு வேலைக்காரியோ?"

"விக்கி அண்ணை, ஓடுங்கோ. வாகனத்திலை திறப்புக் கிடக்கு," என்றான் பேனாட்.

தூரி இடைபுகுந்தார். "சிஞ்ஞோரா, மரம் கோடையில் ஒடுங்கும், மாரியில் விரியும். பலகைக்கும் பலகைக்கும் இடையே தெரியும் அந்த வெளியை மறைக்கத்தான் இந்த வரி. பெரிய வீடுகளெல்லாம் இதைத்தான் வாங்குகின்றன!"

"பெரிய வீடுகளுக்குத் துடைக்க நாங்கள் இருந்தம்," என்று அவர் மொழியிலேயே அம்மையார் திருப்பிக் கொடுத்து, கணவர் பக்கம் திரும்பினார். "வெளி தெரிஞ்சால் தெரியட்டும். பாக்கிறதுக்கு முழங்கால் நோகாது. நீங்கள் இதிலை ஒரு பலகையைத் துடைச்சுக் காட்டுங்கோ. ஒண்டே ஒண்டு. துடைச்சால் வீடு முழுக்க அறையுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன்."

விக்னராஜா மானமுள்ளவர். பேனாட்டிடம் நெருப்புக்குச்சி வாங்கி, கைக்குட்டை நுனியைச் சுற்றி, மண்டியிட்டார். முதல் தவாளிப்பிலிருந்து அவர் தோண்டிய செம்புழுதியில் ஒரு தென்னங்கன்று நட்டிருக்கலாம். இரண்டாவதிலே குச்சி முறிந்தது. மூன்றாவதை முடித்து வெற்றிக்களிப்புடன் நிமிர்ந்தபோது, பாலைக்காற்று முதலாவதை மறுபடியும் நிரப்பிவிட்டுப் போயிருந்தது. மரம் வாங்க வந்தோர் மரத்தை மறந்தனர், அறுவைவாள் நின்றது, தெருவிலே சென்ற ஊர்திகளும் நின்று வேடிக்கை பார்த்தன என்பேன், நீர் நம்பினால்.

நான்காவது வரியின் நடுவிலே அவர் கை நின்றது. முழங்காலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு காலமும் இதையோ செய்தனீர்?"

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை. சுவர் வடிவோ எண்டுதான் கேட்டியள்."

விக்னராஜா குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஆயினும் நெடுநாள் வேண்டுதல் அத்தனை எளிதில் உயிர்விடுமோ? சிறிது தொலைவு நடந்து, திரும்பி வந்து, செருமி, "அப்ப, வெளிச்சுவருக்கு எண்டாலும்...?" என்றார்.

அம்மையார் எண்ணிப் பார்த்தார். "வெளியிலை போடுங்கோ. அங்கை மழை துடைக்கும்."

"மழை லீவும் கேளாது, அக்கா!" என்றான் பேனாட்.

பின்னர் அம்மையார் உட்சுவருக்குப் பலகை தெரிந்தெடுத்த முறையைக் காணக் கண் ஆயிரம் வேண்டும். மலிந்த கணுப்பலகை அடுக்கையே கேட்டு, ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து ஒற்றைக்கண்ணாற் பார்த்து, வளைந்ததைத் தள்ளி, கணுக்களை விரல்முட்டியால் தட்டி ஆடுவதை விலக்கி, இறுதியில் உள்ளங்கையை ஒருமுறை நெடுக ஓட்டி, எங்கும் தடைப்படாததை மட்டுமே எடுத்தார். "கணு கிடந்தாக் கிடக்கட்டும். கை வழுக்கிக்கொண்டு போகவேணும்" என்பதே அவர் இலக்கணம். தூரி முதலில் முணுமுணுத்தார். பிறகு முணுமுணுப்பை விட்டுப் பலகை தூக்கித் தந்தார்.

மரம் அறையின் காற்றுக்குப் பழகும்வரை சில நாள் கிடந்தபின் பேனாட் அதை அறைந்தான். வெளிச்சுவரிலே வரிகள் ஓடின. விக்னராஜா நாள்தோறும் தெருவிற் போய் நின்று அவற்றை வழிபட்டார். உள்ளே கணுப்பலகைகள், எண்ணெயும் மெருகும் இன்னும் பூசாத பச்சை வெண்மையிலே, பிசின்மணம் கமழ நின்றன. வேலை முடிந்த அன்று மாலை அம்மையார் தலைமுழுகி, எண்ணெய் வைத்து வாரி, வெறுந்தரையிலே காலை நீட்டி அமர்ந்தார். அமர்ந்தவர், வேலைக்குப் போன இடத்தில் ஒருநாளும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார்: முதுகையும் தலையையும் சுவரிலே சாய்த்துக் கண்ணை மூடினார்.

"ஐயோ, தலை எண்ணெய்! புதுப்பலகையிலை ஊறுதெல்லே!" என்று விக்னராஜா துணியோடு பாய்ந்தார்.

"விடுங்கோ," என்றார் அவர், கண்ணைத் திறவாமலே. "என்ரை தலைதானே."

துணியை மடித்துக்கொண்டு அவரும் அருகே அமர்ந்தார். மரம் மெல்ல எண்ணெயைக் குடித்தது. பொலிதேயாமாக் கூடத்துச் சுவர் இன்றும் மின்னுகிறது. அங்கே இராசேஸ்வரி என்றொருத்தி வாழ்ந்து உழைத்ததற்கு ஒரு தடமும் இல்லை, ஏனெனில் தடம் எதையும் விட்டுவைக்காமல் துடைப்பதே அங்கு அவர்க்கு விதித்த வேலை. சியாகுல்லியின் ஓரத்து வீட்டிலோ, கணுவும் கறையுமாய்த் தாழ்ந்த விலைக்கு வந்த ஒரு பலகையிலே, ஒரு பெண்ணின் தலையளவான நிழல் ஒன்று, நாளுக்கு நாள் ஆழ்ந்து கறுத்து, எவர் விரலுக்கும் அஞ்சாது கிடக்கிறது.