முப்பத்திரண்டாவது அட்டை

அகராதி அலுவலகத்தில் அந்த வாரம் என் தலையில் விழுந்த சொல் ‘கப்பலேறு’. முதல் பொருளில் வம்பே இல்லை: பயணம் போகக் கப்பலுக்குள் ஏறுவது. ‘மானம் கப்பலேறியது’ என்ற இரண்டாவது பொருளில்தான் தலைவலி. அது எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. போன கப்பல் திரும்பாது என்பதால் என்றார் ஒருவர். கடல் தாண்டியும் சிரிப்பார்கள் என்பதால் என்றார் இன்னொருவர். ஒரு கமாவைக்கூட விடாததால் நாங்கள் ‘கமா மேடம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த எங்கள் தலைவி இரண்டின்மேலும் கோடு கிழித்துவிட்டார்.

“ஊகமெல்லாம் வேணாம்மா. யார் சொன்னது, எங்க, எதனால? அட்டையப் பாரு.”

பெட்டியில் முப்பத்தொரு அட்டைகள். ஒவ்வொன்றிலும் யாரோ சொன்ன வாக்கியம், கீழே காரணம். மகள் ஓடிப்போனாள். மனைவி கோர்ட்டுக்குப் போனாள். தங்கை தனியாக வீடு பார்த்தாள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்தவனாலும் அடித்தவனாலும் ஒரு மானமும் கப்பலேறவில்லை. முப்பத்தொன்றிலும் ஏற்றிவிட்டவள் ஒரு பெண்.

என் மேசை இழுப்பறையில் பெண்கள் விடுதி விண்ணப்பம் மூன்று வாரமாகக் கிடந்தது. பாதுகாவலர் கையெழுத்து மட்டும் பாக்கி. தந்தை, கணவர் அல்லது சகோதரர் போட வேண்டுமாம். அப்பா இல்லை. கணவனின் அடிக்குப் பயந்துதான் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணனோ பேனாவையே தொடவில்லை. “வெளிய தங்கினா நம்ம மானம் கப்பலேறிடும்மா” என்று அம்மா அழுதாள். நான் அட்டைகளைப் படித்த அன்று மாலையே கணவன் வந்து என்னைக் கூட்டிப்போவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். வேலை முடிந்தால் நான் போக அந்த ஒரு வீடுதான்.

நான் நழுவிவிடுவேன் என்று மூன்று மணிக்கே அண்ணன் வந்துவிட்டான். அலுவலக வரவேற்பறையில் நின்று, “கிளம்புடி! மாப்பிள்ளை வந்து உக்காந்திருக்காரு!” என்று கத்தினான். எல்லாத் தலைகளும் திரும்பின. உடனே குரலைத் தாழ்த்தினான்.

“எல்லாரும் பாக்கறாங்க. மானம் கப்பலேறுது, வா.”

நான் விண்ணப்பத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன்.

“இதுல கையெழுத்துப் போடுண்ணா. இல்லேன்னா அவரு என்னை என்னென்ன பண்ணாரு, தெரிஞ்சும் நீ எத்தனை தடவை திருப்பி அனுப்பினேன்னு இங்கயே சத்தமாச் சொல்றேன். ஆரம்பிக்கட்டுமா?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற கமா மேடத்தைப் பார்த்தான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லும்மா, கேப்போம்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் பேனா கேட்டான்.

அவன் போனபிறகு முப்பத்திரண்டாவது அட்டையை எழுதினேன். சொன்னவர்: அண்ணன். இடம்: எங்கள் வரவேற்பறை. காரணம் என்ற இடத்தில், பழக்கதோஷத்தில் என் கையே ‘தங்கை’ என்று எழுதிவிட்டது. அதை வெட்டிவிட்டு, ‘அண்ணன் கத்தியது’ என்று எழுதினேன்.