உள்ளே ஓடாத பித்தளை

பிரெஞ்சுக்கார அதிகாரிகள் ஊரைவிட்டுப் போனபோது அவர்களுடைய 'வெலோ' சைக்கிள்கள் பழைய இரும்பாக விலைக்கு வந்தன. கமருஸ்ஸமான் அவற்றை வாங்கி, குழாய்களை அறுத்து, பாரம் தாங்கும் சைக்கிள்களாகக் கட்டினார். முத்தியால்பேட்டையில் சாலையோரத்தில் கடை. வடக்கே பிள்ளைச்சாவடியிலிருந்து டவுன் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர்கள் அவரிடம்தான் வண்டி கட்டிக்கொண்டார்கள்.

ஐம்பத்தேழு ஐப்பசியில் மீன்காரன் இருசப்பனுடைய வண்டியைக் கட்டும்போது நாலு நாளாக அடைமழை. பிரேம் முடிந்துவிட்டது. முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் கழுத்து மட்டும் பாக்கி.

"மழ விடட்டும்டா. கரி நனஞ்சி கெடக்கு," என்றார்.

"வலையில மீனு ஏறுற நேரம் பாய். நாளைக்கே வேணும். உங்க கை பட்டா போதும்."

அந்தப் பேச்சில் கமருஸ்ஸமான் கொஞ்சம் மயங்கித்தான் போனார். உலையை ஊதினார். இரும்பு மங்கல் சிவப்புக்கு மேல் ஏறவில்லை. வெண்காரத்தைத் தூவிப் பித்தளையை வைத்தார். நல்ல சூட்டில் பித்தளை தண்ணீராக இளகி, இணைப்பின் இண்டு இடுக்கெல்லாம் உள்ளே ஓடும். அன்று ஓடவில்லை, மேலேயே திரண்டு நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அரத்தால் ராவி, கறுப்புப் பெயிண்ட் அடித்தார். மறுநாள் காலை வண்டியைக் கொடுக்கும்போது, "பள்ளத்துல பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

பத்தொன்பதாம் நாள் கூடை நிறைய மீனுடன் வந்த இருசப்பனின் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஃபோர்க் முறிந்தது. தலை மதகுக் கல்லில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சேதி வந்த அன்று கமருஸ்ஸமான் நடந்ததை மனைவி ஹாஜிராவிடம் சொன்னார். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு, "யாருகிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா அவரு எழுந்து வந்துருவாரா?" என்றாள்.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் இருசப்பனின் மனைவி அங்கம்மாள் உடைந்த சைக்கிளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"இத சரிபண்ணிக் குடுங்க பாய். எந்தம்பி ஓட்டட்டும், நான் மார்க்கெட்டுல குந்தி விக்கிறேன். உங்களத் தவிர வேற யாரும் இதத் தொடக் கூடாதும்பாரு அவரு."

கமருஸ்ஸமான் முறிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். மேலே மோதிரம் போல மெல்லிய பித்தளை. உள்ளே வெறும் கறுப்பு இரும்பு. இதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தச் சாலையில் அவர் ஒருவர்தான்.

"அந்தப் பள்ளத்துல அவருக்கு விதி முடிஞ்சிருக்கு," என்றாள் அங்கம்மாள். "என்ன செய்ய?"

"பள்ளம் இல்லம்மா," என்றார். "என் வேல. பித்தளப் பத்து சரியா புடிக்கல. சூடு பத்தல."

"குடுக்கும்போது தெரியுமா?"

"தெரியும்."

கடைக்குப் பின்னால் வீட்டில் ஹாஜிரா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அங்கம்மாள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு பாய் எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள் கடைசியில். "விதின்னு அழுது முடிச்சிருந்தேன். உங்க பாரம் எறங்கிடுச்சி. இனிமே நான் எங்க போய் எறக்குவேன்?"

அவள் எழுந்து, சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

கமருஸ்ஸமான் நாலு நாள் கரியை வெயிலில் காயவைத்துப் புது ஃபோர்க் கட்டினார். பித்தளை மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை உலையை விட்டு நகரவில்லை. பிறகு அந்தச் சைக்கிளை ஏறி ஓட்டாமல், பிள்ளைச்சாவடி வரை தள்ளிக்கொண்டே போனார்.

அங்கம்மாள் வாசலுக்கு வந்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எடுத்துட்டுப் போயிடுங்க பாய். இதுல எந்தம்பிய ஏத்திட்டு, அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் எப்படி இருப்பேன்?"

திரும்பவும் தள்ளிக்கொண்டே வந்தார். அதோடு உலை மூட்டுவதை விட்டார். யார் வந்து கேட்டாலும், "பஞ்சர்தான் போடுறேன்" என்றார். ஹாஜிரா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் முன்போல் பேசுவதும் இல்லை.

அங்கம்மாள் தானே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் அந்தக் கடையைக் கடந்து நடந்தாள். சித்திரை வெயிலில் ஒருநாள், மூச்சு வாங்க எதிர்ப்புறம் கூடையை இறக்கிவைத்தாள். இன்னொரு கை இல்லாமல் அதைத் திரும்பத் தூக்க முடியாது. கமருஸ்ஸமான் எழுந்து சாலையில் இரண்டடி வைத்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சாலையின் வடக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து ஒரு பால்காரர் வந்தார். அவரைக் கூப்பிட்டு, கூடையைத் தூக்கிவிடச் சொல்லி, நடந்து போனாள்.

கமருஸ்ஸமான் அவள் கண்ணுக்கு மறையும்வரை சாலையிலேயே நின்றுகொண்டிருந்தார்.