சோர்வறியா ஹெலன்

ஹெலனுக்குப் புற்றுநோய் குணமாகி ஏழு வருஷமாகிறது. நோய் போனபோது தன் சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அசதி மட்டும் பின்னால் தங்கிவிட்டது என்பது ஹெலனுக்குத்தான் தெரியும்.

பொன்னேரியில் வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும் வளையங்களை ஒவ்வொன்றாக விளக்கின்கீழ் திருப்பிப் பார்த்து, வெடிப்போ பிசிறோ இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அது தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவள்போல இருக்கும். தலைக்குக் குளித்த நாளில் மீன் ஆய முடியாது. மீன் ஆய்ந்த நாளில் ஊறவைத்த துணி ஊறியபடியே கிடக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

புருஷன் அன்பு, வல்லூர் அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். நல்ல மனுஷன். ஆஸ்பத்திரி நாட்களில் அவள் கட்டிலுக்கு அடியிலேயே பாய் போட்டுப் படுத்தவன். சொந்தக்காரர்கள் விசாரிக்கும்போதெல்லாம், ஹெலன் பழையபடி ஆகிவிட்டாள் என்று அவன் முகம் மலரச் சொல்வான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இல்லையென்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை சென்னையில் செக்கப். போன முறை அவள் டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னாள். அவர் ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் நார்மல்.

"சிலருக்கு இந்த அசதி வருஷக்கணக்கா நீடிக்கும்மா. உங்களுக்குச் சோம்பேறித்தனமும் இல்ல, மனப்பிரமையும் இல்ல. தினம் கொஞ்ச தூரம் நடங்க. வேலைல நடுநடுவுல உக்காருங்க" என்றார் டாக்டர்.

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஹெலனுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆனால் வெளியே உதவியாளர் அடித்துக் கொடுத்த சீட்டில் அதெல்லாம் வரவில்லை. நோயின் அறிகுறி இல்லை, வேலைக்கு முழுத் தகுதி உடையவர் என்று மட்டும் இருந்தது.

அந்தச் சீட்டோடுதான் அவள் கம்பெனியில் ஹெச்.ஆர். பார்க்கும் இளமதியிடம் போய், உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். திருவாலங்காட்டுப் பெண், சின்ன வயசு, நல்ல சுபாவம். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, முழுசாகக் குணமாகிவிட்டீர்கள் என்று டாக்டரே எழுதியிருக்கும்போது எதைக் காட்டி ஸ்டூல் கேட்பது அக்கா என்றாள். உட்கார்ந்தால் கவனம் சிதறும், ஆகவே இன்ஸ்பெக்ஷன் மேஜையில் யாருக்கும் இருக்கை கிடையாது என்று கம்பெனியில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த முடிவை எடுத்த கூட்டம் நாலு மணி நேரம் நடந்ததாம். எல்லோரும் உட்கார்ந்துதான் எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து இளமதியே ஓட்டமும் நடையுமாக ஹெலனின் மேஜைக்கு வந்தாள். ஸ்டூல்தான் வருகிறதோ என்று ஹெலன் நிமிர்ந்தாள். வந்தது வேறு. மகளிர் தினத்துக்கு இந்த வருஷம் அவளைத்தான் கௌரவிக்கப்போகிறார்கள். மேடையில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பேச்சையும் இளமதியே எழுதிவிட்டாள்.

மறுவாரம் கேட்டில் பேனர் தொங்கியது. ஹெலனின் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அழித்திருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 'சோர்வறியா ஹெலன்'. பஸ்ஸிலிருந்து இறங்கி அதைத் தாண்டிப் போக அவளுக்கு மூச்சு வாங்கியது. அன்பு அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான்.

விழாவன்று கேன்டீனையே அரங்கமாக்கியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வர ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அதுவரை ஹெலன் பூச்செண்டோடு வாசலில் நின்றாள். பிறகு குத்துவிளக்கு, சால்வை, குரூப் போட்டோ. எல்லாம் நின்றபடிதான். கடைசியில் மேடையில் உட்காரச் சொன்னார்கள். கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்த சிவப்பு சோபா. சாய்ந்தவுடன் அது அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. கம்பெனித் தலைவர் மைக்கைப் பிடித்து, இந்தப் பெண்மணியின் சோர்வறியாத உழைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் ஹெலன் தூங்கிப்போனாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. சால்வை நழுவிக் கிடந்தது. அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். இளமதி வந்து தோளைத் தொட்டபோதுதான் விழித்தாள். பேச வேண்டிய முறை வந்திருந்தது.

ஹெலன் மைக்கருகே போய் நின்றாள். கையிலிருந்த காகிதம், தான் ஒருநாளும் சோர்ந்ததில்லை என்று தொடங்கியது. முன்வரிசையில் பக்கத்து மேஜைக்காரி நசீரா, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள். ஹெலன் காகிதத்தை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். சார் பேசிக்கினு இருக்கசொல்ல நான் தூங்கிட்டேன். மரியாதை இல்லாம இல்ல. வேலை நேரத்துல இவ்ளோ மெத்துனு எதுலயும் உக்காந்ததே இல்ல, அதான்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நோவு போயிடுச்சி. அசதி போகல. அந்த பேனர்ல கீற பொம்பள யாருன்னே எனக்குத் தெரியல. நான் தினம் சோர்ந்துதான் போறேன். சோர்ந்துகினேதான் வேலைக்கு வரேன். எனக்குப் பட்டம் எல்லாம் வேணாம் சார். ஒரு ஸ்டூலு குடுங்க."

வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். முதலில் கை தட்டியவர் கம்பெனித் தலைவர். மனம் திறந்து பேச இப்படி இடம் கொடுக்கும் கம்பெனி வேறெங்கே இருக்கிறது என்று விருந்தினரைப் பார்த்துக் கேட்டார். மூன்றாம் நாள் ஸ்டூல் வந்தது.

கூடவே ஆட்களும் வந்தார்கள். முதல் ஆள் நசீராதான். பழவேற்காட்டிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறவள். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு தன் உடம்பு தன்னுடையதாகவே இல்லை என்றாள். அடுத்தது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குப்புராஜ். சர்க்கரை வந்ததிலிருந்து மத்தியானத்தில் கண் சொருகுகிறது, வெளியே சொன்னால் வண்டியை வாங்கிக்கொள்வார்கள் என்று பயந்து பயந்து சொன்னார். கேன்டீன் கெங்கம்மாள் முழங்காலிலிருந்து தொடங்கி மருமகள் வரைக்கும் போனாள். எல்லோரும் வந்தது டீ இடைவேளையின் பத்து நிமிஷத்தில். களைப்பைச் சொல்ல வந்தவர்களை நிற்கவைக்கவா முடியும்? அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்கள். ஹெலன் நின்று கேட்டாள். ஸ்டூல் இல்லாத நாட்களிலாவது அந்தப் பத்து நிமிஷம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவாள்; இப்போது அதுவும் போயிற்று.

இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு நேரே இளமதியிடம் போய், தன் ஸ்டூலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது எல்லோருக்கும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். இளமதி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அப்புறம், தானே செவ்வாப்பேட்டை தாண்டியதும் ரயிலில் நின்றபடி தூங்குகிற ஆள்தான் அக்கா என்று மெதுவாகச் சொன்னாள். ஹெலன் அதையும் நின்றுதான் கேட்டாள்.

வரிசை முழுக்கப் பன்னிரண்டு ஸ்டூல்கள் வந்தன. நோட்டீஸ் போர்டில், தலைவரின் சொந்த யோசனையில் உதித்த நலத்திட்டம் என்று எழுதியிருந்தது. உட்கார்ந்தால் சிதறும் என்று சொன்ன கவனம் கூடிப்போனது. முன்பு கண்ணில் தப்பிய பிசிறெல்லாம் இப்போது மாட்டியது. சிவப்பு டப்பா நாளுக்கு இரண்டு முறை நிறைந்தது. அச்சு ஓட்டும் பிரிவுக்காரர்கள் பேஜாராகி, ஸ்டூல்களை எடுத்துவிடச் சொல்லி எழுதிக்கொடுத்தார்கள். அதற்குள் சரக்கு வாங்குகிறவர்கள் தரம் கூடியிருப்பதாகக் கடிதம் எழுதிவிட்டதால் ஸ்டூல்கள் பிழைத்தன.

வீட்டில்தான் கொஞ்சம் நாளாயிற்று. யாரோ விழாவின் வீடியோவை அன்புக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று வேலையிலிருந்து வந்தவன் டீயைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் என்னாண்ட சொல்லல?"

"நீ எல்லாராண்டயும் சந்தோஷமா சொல்லிக்கினு இருந்த. எப்டி சொல்றது?"

அவன் எழுந்து, ஊறிக்கிடந்த துணியை எடுத்துப்போய்ப் பிழிந்தான். பிழியத் தெரியவில்லை; கொடியெல்லாம் சொட்டியது. மறுநாளும் பிழிந்தான்.

அசதி இப்போதும் இருக்கிறது. இந்த முறை செக்கப்பிலும் எல்லாம் நார்மல். சாயங்காலங்களில் ஸ்டேஷன் ரோட்டில் கொஞ்ச தூரம் நடக்கிறாள். சில நாள் தேவலாம், சில நாள் பலனே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையில் படுத்திருந்தபோது, பேத்திக்குக் காது குத்தென்று அன்புவின் அக்கா போன் பண்ணினாள். தான் மட்டும் வருவதாக அன்பு சொன்னான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா. அசதி. ஏழு வருசமா கீது. எனக்கே இப்பதான் தெரியும்."

அவ்வளவோடு விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அக்கா நம்பவில்லை போல. டாக்டர் சொன்னது, ஸ்டூல், சோபா என்று அவன் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தான். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அனல் மின் நிலையத்து இரைச்சலில் வேலை செய்து பழகிய குரல். அரை மணி நேரம் ஆகியும் ஹெலனால் கண்ணை மூட முடியவில்லை.