துணி சொட்டாத ஐந்து நாள்

குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு நாள் கிடந்தேன். இடுப்பெலும்பு முறிந்துபோயிருந்தது. வாளித் தண்ணீர் கைக்கு எட்டியதால் பிழைத்தேன். எட்டு மாடிக் கட்டடம், மாடிக்கு ஆறு வீடு, கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் கூரியர்காரர் வந்து கதவைத் தட்டினார். நான் வீட்டிலிருந்தே பல் செட் செய்கிறவள். யாரோ ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பல் தாமதமாகிவிட்டதாம். கூரியர்காரர் தேடி வந்தது பல்லை, என்னை இல்லை.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒன்றை முடிவு செய்தேன். இனி விழுந்தால், அன்றைக்கே யாராவது "எங்க அந்தம்மாவக் காணோம்?" என்று கேட்கிற ஊரில்தான் விழுவது.

"சின்ன ஊர்ல உனக்கு யாரக்கா தெரியும்?" என்றான் தம்பி.

"இங்க யாரடா தெரியும்? உன்னயவே வருஷத்துக்கு ரெண்டு வாட்டிதான் தெரியுது."



கைத்தடியும் நானுமாக மூன்று ஊர் பார்த்தேன். முதல் ஊரில் வாடகை பகல்கொள்ளை. இரண்டாவதில் வாடகை குறைவு, வாய் திறப்பவர்களும் குறைவு. மூன்றாவது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நான்கு பேர் "யாரு வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். செருப்புக் கடைக்காரர் என் தடியின் ரப்பர் முனை தேய்ந்திருப்பதைப் பார்த்து, உட்காரவைத்து மாற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செய்த பல்லைக் கூரியரில் அனுப்பலாம், பாதி வாடகைக்கு வீடு கிடைக்கும், வேறென்ன வேண்டும்?

வீடு, தையல் கடைக்கு மேலே. பன்னிரண்டு படி, பிடித்து ஏறக் கம்பி இருந்தது. ஒரே அறை, சமையல் மேடை, கடை வாசலுக்கு நேர் மேலே ஒரு பால்கனி, அதில் துணிக்கொடி. எல்லாம் பழசு. கதவு மட்டும் புதுசு, வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை.

"கதவ ஏன் மாத்துனீங்க?"

வீட்டுக்கார அம்மா மழுப்பப் பார்த்தார். நான் விடவில்லை.

"முன்னாடி ஒரு போஸ்ட்மேன் இருந்தாரு. ரிட்டயர் ஆனவரு, தனிக்கட்டை. தங்கமான மனுஷன். உள்ளயே போய்ச் சேர்ந்துட்டாரு. கதவ உடைக்கவேண்டியதாப் போச்சு."

"எத்தன நாள் கழிச்சு?"

"அஞ்சு."

"இந்த ஊர்லயா? ரோட்டுல போறவள நாலு பேர் விசாரிக்கிற ஊர்லயா?"

"அதாம்மா வினையே. அவருக்குப் பழக்கமில்லாத வீடு கிடையாது. செருப்புக் கடைக்காரரு வீட்டுல சீட்டாடுறாருன்னு நான் நெனச்சேன். அவரு, பேக்கரில இருப்பாருன்னு நெனச்சாரு. பேக்கரிக்காரரு, எங்க வீட்டுலன்னு நெனச்சாரு. ஆளாளுக்கு நெனச்சுக்கிட்டே இருந்துட்டோம்."

"அப்புறம் யாரு கண்டுபிடிச்சது?"

"கீழ இருக்கிற டைலர். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது."

கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். டைலர் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"துணியப் பிழியவே மாட்டான். தெனம் காலைல என் வாசல்ல சொட்டச் சொட்டக் காயப்போடுவான். வர்ற ஆளுங்க தலையெல்லாம் நனையும். நான் கத்துவேன், அவனும் கத்துவான். ஒரு நாள் சொட்டல. சனியன் விட்டுச்சுன்னு நிம்மதியா இருந்தேன். மறுநாளும் நிம்மதியா இருந்தேன். நாலு நாள் நிம்மதியா இருந்தேம்மா. அஞ்சாவது நாள்தான் மேல ஏறிப் பார்த்தேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மொத ரெண்டு நாள் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

அந்த இரண்டு நாள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வீடு வேண்டவே வேண்டாம் என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டான். நான் கேட்கவில்லை. இனி நிம்மதியாக இருக்கவே முடியாத ஆள் ஒருவர் கீழே இருக்கிறார், எனக்கு அது போதும்.

குடிவந்த மறுநாள் காலை ஒரு போர்வையை நனைத்து, பிழியாமல் கொடியில் போட்டேன். தண்ணீர் கடை வாசலில் கொட்டியது. கழுத்தில் அளவு நாடாவோடு டைலர் வெளியே ஓடி வந்தார்.

"ஏம்மா, கண்ணு தெரியல?"

"தெரியுது. நாளைக்கும் போடுவேன். தெனம் போடுவேன்."

கத்துவதற்காக வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

"எத்தன மணிக்கு?" என்றார்.